சர்க்கரை மாத்திரை போட்டால் 120 வயதா?

“சர்க்கரை இல்லாதவரும் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) போட்டால் 120 வயது வாழலாம், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்” என்று மன்னார்குடி பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. நியூயார்க் மருத்துவர் நீர் பார்சிலாய் முன்வைத்தது ஒரு சோதனைத் திட்டம்தான்: 65 முதல் 79 வயதுள்ள சுமார் 3,000 பேரிடம், இந்த மாத்திரையால் இதயநோய், புற்றுநோய், மறதிநோய் தள்ளிப்போகிறதா என்று பார்ப்பது. மலிவான பழைய மருந்து. லாபம் இல்லாததால் கம்பெனிகள் பணம் போடத் தயங்குகின்றன. அந்தச் சோதனைக்கு நிதி கேட்டுத்தான் முதுமை ஆராய்ச்சி ஆர்வலர்கள் குரல் கொடுக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான், அதனாலேயே இந்தப் பொய் வலிக்கிறது.

எங்கள் அத்தைக்குச் சர்க்கரையே இல்லை. வெற்றிலைப் பெட்டியில், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில், மாத்திரை அட்டை. நான்கு குழி காலி. நீண்ட நாள் போட்டால் பி12 சத்து குறையலாம், சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு ஆபத்து. டாக்டர் எழுதித் தராமல் போடாதீர்கள்.