மெட்ரோனோமில் எண்ணை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்

இன்றைக்கு 80, நாளைக்கு 85, வாரக் கடைசியில் 100. நிமிடத்துக்கு இத்தனை என்று நாம் வைக்கும் எண்ணுக்குச் சீராகக் க்ளிக் அடிக்கும் கருவிதான் மெட்ரோனோம். அதை வைத்துப் பழகுகிற பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். எண் ஏறினால் கை தேறிவிட்டது என்று ஒரு நம்பிக்கை. நானும் கீபோர்டில் ரொம்ப நாள் அப்படியே பழகினேன். அது வீண் உழைப்பு என்பதுதான் என் கருத்து.

எனக்கு அது புரிந்தது சாதாரண சி மேஜர் ஸ்கேலில், அதாவது சி-யில் தொடங்கும் வெள்ளைக் கீகளின் வரிசையில். வலது கையில் முதல் மூன்று கீயை மூன்று விரல்கள் வாசித்ததும், கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நான்காவதைத் தொட வேண்டும். 120இல் சரளமாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் 40க்கு இறக்கி, க்ளிக்குக்கு ஒரு ஸ்வரம் என்று வாசித்தேன். மூன்று வரை சரி. நான்காவது மட்டும் க்ளிக்குக்கு முன்னாலேயே விழுந்தது. திரும்ப வாசித்தாலும் அதே இடம், அதே அவசரம். வேகமாக வாசித்தபோதெல்லாம் அந்தத் தடுக்கல் காதில் விழாமலே ஓடியிருக்கிறது.

120இல் இரண்டு க்ளிக்குக்கு நடுவே அரை வினாடிதான். 40இல் ஒன்றரை வினாடி. அந்த இடைவெளியில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, காலத்தை நாம்தான் சுமக்க வேண்டும். சரியாக விழுந்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்வரமும் க்ளிக்கும் ஒன்றாக விழுந்தால் க்ளிக் சத்தமே காணாமல் போய்விடும். தனியாகக் கேட்டால் நீங்கள் முந்திவிட்டீர்கள், இல்லை பிந்திவிட்டீர்கள்.

அப்புறம் க்ளிக்குகளையே குறைக்கலாம். நான்கு பீட் பாட்டில் இரண்டுக்கும் நான்குக்கும் மட்டும் வைத்துப் பாருங்கள். அதுவும் பழகிவிட்டால் செயலியில் 30 வைத்து, நான்கு பீட்டுக்கு ஒரு க்ளிக் என்று 120 வேகத்தில் வாசியுங்கள். நடுவில் ஓடிவிட்டால் அடுத்த க்ளிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெட்ரோனோம் இசையை இயந்திரமாக்கிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெல்ட்ஸெல் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1815இல். இரண்டே வருடத்தில், 1817இல், பீத்தோவன் அதுவரை எழுதியிருந்த தன் எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். அவர் இசையில் உணர்ச்சி இல்லை என்று யார் சொல்வார்கள்? பீட் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதை வேண்டிய இடத்தில் இழுத்து வாசிக்க முடியும்.

ஆனால் விரல் எங்கே போக வேண்டும் என்றே தெரியாத முதல் நாளில் மெட்ரோனோமை ஆன் செய்யாதீர்கள். பதற்றம்தான் மிஞ்சும்.

இப்போதெல்லாம் பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடம் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, முழுப் பாட்டையும் போனில் பதிவு செய்கிறேன். பிறகு முதல் வரிக்கு ஏற்ற எண்ணை வைத்து, அதே எண்ணில் கடைசி வரியையும் ஒட்டிப் பார்க்கிறேன். கஷ்டமான இடங்கள் வேகம் மாறாமல் நின்றுவிடுகின்றன. கை நன்றாகப் பழகிய சுலபமான வரிகளில்தான் இன்னும் வேகம் கூடுகிறது. நாளைக்கு அந்த வரிகளை 40இல் வாசிக்க வேண்டும்.