"அடிச்சுப் போடுவன்" நோர்வேஜிய மொழிக்குப் போனால்

நோர்வேயில் ஒரு தமிழ் அம்மா "சாப்பிடாட்டி அடிச்சுப் போடுவன்" என்கிறா. கை ஓங்கவில்லை, சோறு குழைப்பதையும் நிறுத்தவில்லை. அடுத்த நாள் நாலு வயசுப் பிள்ளை பாலர் பள்ளியில் இதை நோர்வேஜிய மொழியில் சொல்லும்போது சோறும் இல்லை, அம்மாவின் குரலும் இல்லை. "அம்மா அடிப்பா" மட்டும்தான் மிஞ்சும்.

பிள்ளையை அடிப்பது இங்கே 1987இலிருந்து சட்டவிரோதம். வளர்ப்பின் பெயரால் பயமுறுத்துவதற்கும் தடை உண்டு. பிள்ளை வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறது என்று நினைக்கக் காரணம் இருந்தால், பார்னவேர்னுக்கு (அதுதான் பிள்ளைகள் நலத்துறை) அறிவிப்பது பாலர் பள்ளி ஊழியரின் கடமை. இதையெல்லாம் துவேசம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கையால் ஊட்டுவதையும் பக்கத்தில் படுக்க வைப்பதையும் கோணலாகப் பார்க்கிற ஊழியர்களும் இருக்கினம்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஊட்டுவதை விளங்கப்படுத்தலாம். வெருட்டுவதை விடத்தான் வேணும்.

அறிவித்தல் போனால் பார்னவேர்ன் ஒரு கிழமைக்குள் அதைப் பரிசீலிக்க வேணும். விசாரணை தொடங்கினால் மூன்று மாதம், விசேட காரணம் இருந்தால் ஆறு மாதம். பல விசாரணைகள் எந்த நடவடிக்கையும் இல்லாமல் மூடப்படுகின்றன. அவசர நிலைமை தவிர, பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையைப் பிரிப்பது தனி நடுவர் மன்றம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். அங்கே பெற்றோருக்கு அரச செலவில் வழக்கறிஞர் உண்டு. நம்மாக்களோ "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்" என்று வெருட்டி வைக்க, அம்மா போனை எடுக்கமாட்டா, சந்திப்புக்கும் போகமாட்டா. "ஒத்துழைக்கவில்லை" என்று அதுவும் கோப்பில் ஏறும். கடிதம் வந்த அன்றே பதில் போடுங்கோ. கோப்பைப் பார்க்கக் கேளுங்கோ. நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில்தான் கூடப் பிழை நடக்குது. மூத்த பிள்ளையைக் கூட்டிப்போய்க் கதைக்க வைக்காதேங்கோ. 2022 தொடக்கம் நடைமுறையில் உள்ள சட்டப்படி, பிள்ளையை அரச அலுவலகங்கள் அப்படிப் பயன்படுத்தக் கூடாது; தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது அவர்களின் பொறுப்பு. "ஊரெல்லாம் தெரிஞ்சிடும்" என்ற பயம் நியாயமானது, சின்னச் சமூகம்தானே. மொழிபெயர்ப்பாளருக்கு இரகசியம் காக்கும் கடமை இருக்கு. அதுக்கும் மனம் ஒப்பாவிட்டால் வேறு நகரத்திலுள்ள ஒருவரைத் தொலைபேசியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேளுங்கோ: வருபவர் ஈழத்துத் தமிழ் புழங்குபவரா? "நேற்றுப் பிள்ளையை நல்லாப் பேசிப் போட்டன்" என்று அம்மா சொல்வது ஏசினதை. பழக்கமில்லாத மொழிபெயர்ப்பாளர் அதை "பிள்ளையோடு நன்றாகப் பேசினேன்" என்று மாற்றிவிடுவார். பிள்ளை முதலே வேறு மாதிரிச் சொல்லியிருக்கும். அம்மா பொய் சொல்கிறா என்றுதான் எதிரே இருப்பவர் எழுதுவார். கூட்டக் குறிப்பைச் சந்திப்பு முடிய முதல் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னால், இப்படியான பிழையை அங்கேயே திருத்தலாம்.