கையெழுத்துக் கணக்கைப் பார்த்து ஐ.நா. அசையுமா?

"ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் மக்களை ஒடுக்கும் அந்த அரசின்மீது ஐ.நா. நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், இன்று இரவே கடைசி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பகிர்பவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு விதியே ஐ.நா.வில் கிடையாது.

2006-இல் உருவான ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஜெனீவாவில் கூடுகிறது. அதன் தீர்மானங்களை முடிவு செய்பவை 47 உறுப்பு நாடுகள். சரி, சாதாரண மனிதர் என்னதான் செய்வது? சித்திரவதை, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் போன்றவற்றுக்கென்றே இந்தப் பேரவை நியமித்த சிறப்பு அறிக்கையாளர்கள் எனும் தனி நிபுணர்களும், நிபுணர் பணிக்குழுக்களும் இருக்கிறார்கள். ஒரே ஒருவருக்கு நடந்த கொடுமையைக்கூட அவர்களிடம் தெரிவிக்கலாம். யாருக்கு நடந்தது, எந்தத் தேதியில், எங்கே, பிடித்துச் சென்றவர்கள் யார்? அவர்கள் கேட்பது இதைத்தான், கையெழுத்தை அல்ல. பாதிக்கப்பட்டவர் அல்லது குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும். படிவமும் விதிகளும் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலக இணையதளத்தில் இருக்கின்றன, அங்கேயே சரிபார்க்கலாம்.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தியில் உள்ள இணைப்பு பெயரும் கைபேசி எண்ணும் கேட்கிறது. அடக்குமுறைக்கு நடுவே வாழ்பவரின் எண் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும்? இதை மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழித்துவிட்டு, குழுவில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.