எஃப்.சி. அன்று மட்டும் உயிரோடிருக்கும் தீயணைப்பான்

“அத்தான், புதன்கிழமை வேனுக்கு எஃப்.சி. இருக்கு. உங்க காருல கிடக்க சிகப்பு சிலிண்டர ஒரு நாளைக்குத் தாருங்க, சாயந்தரம் கொண்டு தந்திருவேன்” என்று என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் சற்று நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் கேட்டது காய்ச்சல் மாத்திரை அல்ல, ஏணி அல்ல. கன்னியாகுமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திற்பரப்பு அருவிக்கும் ஆண்டு முழுவதும் வெளியூர்ப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் எப்போதும் இருந்தே ஆகவேண்டிய தீயணைப்பானை, எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்றிதழுக்கான சோதனையில் காட்டுவதற்காக மட்டும் அவன் ஒரு நாள் இரவல் கேட்டான். அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அவன் குரலில் இருந்த இயல்புதான். இதில் கூச்சப்பட ஏதுமில்லை, எல்லோரும் செய்வதுதானே என்ற தொனி.

மூன்று வாரங்களுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் முப்பந்தலில் அந்தக் கார் எரிந்ததைப் பார்த்தேன்.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் முடிந்து, காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழியை நோக்கி வந்துகொண்டிருந்தோம். ஆனி மாதம், அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சும்மாவா அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்? சாலையோரம் ஒரு கார் நின்றது. பானெட் இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குழந்தைகளும் ஒரு பாட்டியுமாக உள்ளே இருந்தவர்கள் இறங்கி வெகுதூரம் தள்ளி நின்றிருந்தார்கள்; அந்தக் குடும்பம் செய்த மிகச் சரியான காரியம் அது ஒன்றுதான். காரை ஓட்டி வந்தவர், என்னவென்று பார்ப்பதற்காகப் பானெட்டை ஒரேயடியாகத் தூக்கிவிட்டார். உள்ளே காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த நெருப்புக்கு முப்பந்தல் காற்றை முழுதாகத் திறந்துவிட்டால் அது என்ன செய்யுமோ அதைச் செய்தது.

என் காரில் ஒரு கிலோ தீயணைப்பான் இருந்தது. இருந்தது என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது டிக்கியில், அல்வாப் பெட்டிகளுக்கும் ஜமுக்காளத்துக்கும் துணிப்பைகளுக்கும் அடியில் கிடந்தது. அத்தனையையும் சாலையில் இறக்கி வைத்து அதை வெளியே இழுப்பதற்குள், இஞ்சினுக்குள் இருந்த தீ முன்கண்ணாடி விளிம்பைத் தொட்டுவிட்டது. கைப்பிடியில் செருகியிருக்கும் ‘பின்’ என்ற ஊசியை இழுத்து, பதற்றத்தில் காற்றுக்கு எதிர்முகமாக நின்றுகொண்டு அழுத்தினேன்; வெண்தூள் முழுவதும் என் முகத்திலும் வேட்டியிலும் வந்து படிந்தது. ஒரு கிலோ தூள் பத்து நொடிக்கு மேல் வராது. அந்தப் பத்து நொடிகளையும் நான் எனக்கே அடித்துக்கொண்டு தீர்த்தேன்.

அதற்குள் ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றது. அதன் ஓட்டுநர் தம் வண்டியில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார், நல்ல மனிதர். ஆனால் அழுத்தமானியின் முள் பச்சையைவிட்டு இறங்கிச் சிவப்பில் படுத்திருந்தது, கைப்பிடியோ கடற்காற்றில் துருவேறிப் போயிருந்தது. இரண்டு கைகளாலும் அமுக்கியபோது “புஸ்” என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கூடியிருந்த இருபது முப்பது பேரில் பாதிப்பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றப் போனார். எரிவது பெட்ரோலாக இருந்தால் அது தண்ணீரின்மேல் மிதந்தபடியே பரவும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்?

கடைசியில் அணைத்தவர் பின்னால் வந்த பெட்ரோல் டேங்கர் லாரியின் ஓட்டுநர். தம் லாரியைத் தூரத்திலேயே ஓரம் கட்டிவிட்டு, பெரிய தீயணைப்பானைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார், ஓடவில்லை. காற்று முதுகில் அடிக்கும்படி மேற்குப் பக்கமாகப் போய் நின்றார், ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார், பின்னை இழுத்தார், தீயின் கொழுந்தை விட்டுவிட்டு அது எழும்பும் அடியைப் பார்த்து இடமும் வலமுமாக வீசினார். அடங்கிவிட்டது. “வயர் சூடாத்தான் இருக்கும், மறுபடி புடிக்கும், பேட்டரிய கழட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. 101-க்கு அழைத்திருந்தோம், தீயணைப்பு வண்டியும் வந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாகனத் தீ முதல் சில நிமிடங்களிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாமே.

நம் கையில் என்னதான் இருக்கிறது? இந்த மாவட்டத்துக் கார்களின் டேஷ்போர்டைப் பாருங்கள். பிள்ளையாரும், வேளாங்கண்ணி மாதாவும், தலையாட்டும் நாய்ப் பொம்மையும் இருப்பார்கள். முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். அவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் ஸ்பீக்கருக்கும் இருக்கை உறைக்கும் பல்லாயிரம் செலவழிக்கும் மனிதர், ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் ஒரு கிலோ தீயணைப்பானைக் காட்டினால், “அதெல்லாம் எதுக்கு, இடத்த அடைக்கும்” என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதே மனிதர்தான் கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்று ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் இரண்டு விளக்குகளை நேரடியாகப் பேட்டரியில் இணைத்திருப்பார். மழைக்காலத்தில் தென்னந்தோப்பிலிருந்து வந்து இஞ்சின் சூட்டில் ஒண்டும் எலி வயரைக் கடித்து வைத்திருக்கும். வெடிப்பு விட்ட பெட்ரோல் குழாயிலிருந்து சொட்டும் எரிபொருள் சூடான புகைக்குழாயின்மேல் விழும். தீப்பிடிக்க இவற்றில் ஒன்றே போதும்.

வாங்கியவர்களாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்றால், என் கதையைத்தான் சொல்லிவிட்டேனே. திடப்பொருள், எரிதிரவம், வாயு என மூன்று வகைத் தீக்கும் ஏற்ற ஏ.பி.சி. வகைத் தூள் வண்டியின் அதிர்வில் நாள்பட நாள்பட அடியில் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கி, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடச் செய்யவில்லை. டிக்கியில் புதைக்காமல் இருக்கையின் அடியிலோ அருகிலோ கொக்கி அடித்து மாட்டியிருக்க வேண்டும் என்பதும் எரிந்த பிறகுதான் உறைத்தது. இப்போது இணையத்தில் வாசனைத் தெளிப்பான் போலச் சின்ன டப்பாக்கள் விற்கிறார்கள். அழுத்தமானியும் கிடையாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கிடையாது. வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் அதைப் போட்டு வைத்துவிட்டு, தீயணைப்பான் இருக்கிறது என்று திருப்திப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காலியானதை நிரப்பலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். “ஒரு கிலோவ யாரும் நிறைக்க மாட்டாங்க சார், புதுசு வாங்கிருங்க” என்றார்கள். சரி, அவர்களுக்கும் பிழைப்பு. அடுத்து வந்தவர் ஒரு வேன் உரிமையாளர். வாடகைக்குக் கிடைக்குமா என்று அவர் என் காதுபடவே கேட்டார். பள்ளி வாகனங்களுக்கென்று 2012-இல் தமிழ்நாடு தனி விதிகள் கொண்டுவந்தது ஒரு குழந்தையின் உயிரைப் பலி கொடுத்த பிறகுதான். அவற்றில் தீயணைப்பானும் கட்டாயம். குழந்தைகளை ஏற்றும் வண்டியில் தொங்கும் அந்தச் சிவப்பு உருளையின் முள்ளை எத்தனை பெற்றோர் எட்டிப் பார்த்திருப்போம்? ஆயாவுக்கும் ஓட்டுநருக்கும் பின்னை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று எவராவது காட்டியிருப்போமா? விதி இருக்கிறது, உருளையும் இருக்கிறது, உள்ளே அழுத்தம் மட்டும் இல்லை.

இதற்கு நடுவே முப்பந்தலில் கார் எரிந்தவர் நான்காம் நாள் என்னை அழைத்தார். நன்றி சொல்லத்தான் போலும் என்று நினைத்தேன். “அந்தத் தூளு வயரிங் எல்லாம் கேறி நாசமாக்கிட்டுன்னு மெக்கானிக் சொல்லுதாரு, தண்ணி ஊத்தியிருந்தாலே போதுமாம்” என்றார். தூள் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும் என்பது உண்மைதான், அணைந்ததும் தாமதிக்காமல் சுத்தம் செய்திருக்க வேண்டும். ஆனால் கார் சாம்பலாகாமல் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்ததே அந்தத் தூளால்தான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? என் தூள் முழுவதும் என் வேட்டியில்தான் இருந்தது, உங்கள் வயரிங்கில் இருப்பது டேங்கர் அண்ணனுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மைத்துனனுக்குச் சிலிண்டர் கொடுக்கவில்லை. கொடுக்க மனமில்லை என்பதோடு, புதிதாக வாங்கிய இரண்டு கிலோ உருளையை இப்போது இருக்கைக்கு அருகே திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறேன். “ஒரு நாளைக்குத்தானே கேட்டான்” என்று வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வேறு யாரிடமோ வாங்கி மாட்டிக்கொண்டு போனான், எஃப்.சி.யும் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை விடியற்காலையில், சூரிய உதயம் பார்க்கப் போகும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்த வேன் வடசேரியில் டீக்கடை முன்னால் நின்றது. நான் குனிந்து உள்ளே பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கொக்கி மட்டும் இருந்தது.