மந்திரவாதியும் நகரா விசையும்

(யாழ்ப்பாணம். சனிக்கிழமை காலை எட்டு மணி. சீலன் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான். மாமா உள்ளே வருகிறார். ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ரைப்பிங் படிப்பித்தவர். கையில் கோயில் கணக்கு.)

மாமா: தம்பி, இதை ஒருக்கால் அடித்து பிறின்ற் எடுத்துத் தா.

சீலன்: இருங்கோ மாமா, பன்றி துரத்துகிறது.

மாமா: (வாசலைத் திரும்பிப் பார்த்து) எங்கே?

சீலன்: இதற்குள்ளே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 இல் வந்த விளையாட்டு, பழைய வடிவத்தை 2019 இல் திரும்பவும் விட்டார்கள். நான் மந்திரவாதி.

மாமா: மந்திரவாதி பன்றிக்குப் பயந்து ஓடுவானோ?

சீலன்: ஓடினால் மந்திரம் வராது மாமா. பனி அம்பு விட இரண்டு மூன்று செக்கன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் பன்றி முட்டும். முட்ட முட்ட அந்த நேரமும் நீண்டுகொண்டு போகும்.

மாமா: அப்போ நிற்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது. கண்டறியாத மந்திரம்! ...செத்துப்போனாய் போல கிடக்கு.

சீலன்: ஓம்.

மாமா: சாகாமல் என்ன செய்வாய்? உந்தக் கையை ஒருக்கால் பார். இடது கைச் சின்னவிரல் ஏன் அந்தரத்தில் நிற்கிறது? என் வகுப்பில் இப்படி வைத்திருந்தால் அடிமட்டத்தால் ஒன்று விழுந்திருக்கும்.

சீலன்: இது ரைப்பிங் இல்லை மாமா.

மாமா: கீபோட் இருந்தால் ரைப்பிங்தான். ஏ எஸ் டி எஃப். ஏ என்ன செய்யும்?

சீலன்: இடப்பக்கம் திரும்பும். டி வலப்பக்கம்.

மாமா: அழுத்து பார்ப்போம். ...இன்னும் திரும்புகிறானா? நல்லூர்த் தேர்கூட முடக்கில் இதைவிடக் கெதியாகத் திரும்பும். திரும்ப வேறு வழி இல்லையா?

சீலன்: மவுஸின் வலப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் உடனே திரும்பும். ஆனால் மவுஸால்தானே கீழே இருக்கிற மந்திரப் படங்களை அமத்துகிறேன்.

மாமா: பார்த்துப் பார்த்தா அமத்துகிறாய்?

(ரைப்பிங் மாஸ்டர்மாருக்கு உலகத்தில் இரண்டே சாதி: பார்த்து அடிப்பவர், பார்க்காமல் அடிப்பவர். மாமாவின் முகம் இருண்டு போகிறது.)

மாமா: மவுஸ் திரும்புவதற்கு. விரல் மந்திரத்துக்கு. அது கலக்கக் கூடாது. ஏயையும் டியையும் பக்கவாட்டில் நகர்வதற்குக் கொடு. எஸ்?

சீலன்: பின்னால் நடக்கும். ஆனால் மெதுவாகத்தான். அதனால்தான் பிடிபடுகிறேன்.

மாமா: பின்நடை வேண்டாம். எதிரிக்குப் பக்கவாட்டில் போ, இல்லாவிட்டால் திரும்பி ஓடு. இப்போ கியூவும் ஈயும் சும்மா இருக்கிறது, அதில் மந்திரம் வை. ஷிப்டோடு சேர்த்தால் இன்னும் இரண்டு. சின்னவிரலைக் கடவுள் தந்ததே ஷிப்டுக்குத்தான். சரி, ஓடிக்கொண்டே விடுகிற மந்திரமே இல்லையா?

சீலன்: இருக்கிறது. குளிர்வளையம் போட்டால் கிட்ட நிற்கிறவனின் கால் உறையும், அதிகபட்சம் எட்டு செக்கன். தாவல் இருக்கிறது, முகம் பார்த்த பக்கம் 20 யார் தூரம் பாயும். நேற்று மச்சானுடன் சண்டை. தப்பி ஓடத்தான் அமத்தினேன், ஆனால் அவனைப் பார்த்தபடி அமத்திவிட்டேன். நேரே அவன் மடியில்.

மாமா: விளங்கிவிட்டது. எங்கள் சுண்டிக்குளி முத்தையா தமிழ் ரைப்றைட்டர் செய்தாரே, அதில் நகரா விசை என்று ஒன்று இருக்கிறது. புள்ளியை அடித்தால் தாளைத் தாங்கும் வண்டி நகராது, அடுத்த எழுத்தை அடித்தால்தான் நகரும். உன் பனி அம்பு நகரா விசை. குளிர்வளையம், தாவல் எல்லாம் நகரும் விசை. முதலில் வளையம் போட்டு அவனை நிறுத்து, திரும்பி ஓடு, தூரம் வந்ததும் நின்று அம்பு விடு. அவன் கிட்ட வந்தால் மறுபடி ஓடு. ...அதுசரி, மச்சான் என்றாயே, எந்த மச்சான்?

சீலன்: (மெதுவாக) ரொறன்ரோ மச்சான்.

மாமா: என் மகனா? எனக்குப் போன் எடுக்க நேரமில்லை, வேலை பிசி என்றானே!

சீலன்: இங்கே காலை எட்டு என்றால் கோடையில் அங்கே இரவு பத்தரைதானே. வேலை முடிந்து வந்து...

மாமா: ஒவ்வொரு நாளுமா?

சீலன்: சனி ஞாயிறில் கொஞ்சம் கூட.

மாமா: இப்போ நிற்கிறானா?

சீலன்: அந்தா, கோடரியோடு நிற்கிறான். சண்டைக்குக் கூப்பிடுகிறான்.

மாமா: (கதிரையை இழுத்துப் போட்டு) போ. மவுஸில் கை வை. கீழே பார்க்காதே!

சீலன்: பாய்ந்து வாறான்... எனக்கு ஒரு செக்கன் மயக்கம்... வளையம்! கால் உறைந்துவிட்டது மாமா!

மாமா: திரும்பு. மவுஸால்! இப்போ தாவு.

சீலன்: தாவிவிட்டேன். அம்பு... ஒன்று பட்டது. இனி அவன் மெதுவாகத்தான் வருவான்.

மாமா: அவனை வேறு ஏதாவது செய்ய ஏலாதா? பார்க்கிற மாதிரி?

சீலன்: செம்மறியாடு ஆக்கலாம். அடித்தால் கலைந்துவிடும், அடிக்காவிட்டால் சில செக்கன் சும்மா சுற்றித் திரியும்.

மாமா: ஆக்கு.

(கோடரிக்காரன் இருந்த இடத்தில் வெள்ளைச் செம்மறி ஒன்று. மாமா அதைக் கொஞ்ச நேரம் திருப்தியாகப் பார்க்கிறார்.)

மாமா: ஆட்டுக்குக் காது கேட்குமா?

சீலன்: எழுதினால் வாசிக்கலாம். என்ரரை அமத்தினால் பெட்டி திறக்கும்.

மாமா: தள்ளு.

(பத்து விரலும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கண் திரையை விட்டு அசையவில்லை. "அப்பா எழுதுகிறேன். போன் எடு." முற்றுப்புள்ளிக்குப் பிறகு, படிப்பித்தபடியே, இரண்டு இடைவெளி.)

சீலன்: ஆடு அசையாமல் நிற்கிறது மாமா.

(மாமாவின் சட்டைப் பையில் போன் அடிக்கிறது.)

சீலன்: மச்சான்தான்! எடுங்கோ.

மாமா: அடிக்கட்டும். ஒரு கையில் போனைப் பிடித்தபடி அவனால் ஷிப்டை எப்படி அமத்த முடியும்? என்னைப் பார்க்காதே, அம்பை விடு!