யாருடைய வாய்க்காகப் பாட்டு எழுதுகிறோம்?

நவம்பர் பிறந்துவிட்டால் நம் சபைகளில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு வேலை கூடிவிடும். போதகர் உபவாசித்து ஜெபித்து அடுத்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தை, அதாவது தேவன் தந்த வாக்குறுதியாகச் சபை ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்ளும் வேத வசனத்தை, சொல்வார். அந்த வசனத்துக்கு ஒரு பாட்டு வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அதைப் பாடியாக வேண்டும். பொழுது விடிவதற்குள் அது யூடியூபிலும் வந்தாக வேண்டும். நானும் எங்கள் சபைக்குப் பாட்டு எழுதுகிறவள். ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் ஒரு சபையின் நாவில் இருத்துவது நல்ல ஊழியம் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் மனதில் பட்டதைச் சொல்லவும் துணிகிறேன்.

நம்முடைய புதிய ஆராதனைப் பாடல்களில் பல, சபை பாடுவதற்கென்று எழுதப்படவில்லை. மேடையில் ஒருவர் பாட, மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்படுகின்றன. சபை பாடக்கூடியவையாக அமைந்தவற்றிலும், காரியம் கைகூடியவர் மட்டுமே மனமொத்துப் பாட முடிகிற பாடல்கள் பெருகிவிட்டன.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும்படி எழுதுகிறார். பக்கத்தில் நிற்கிற சகோதரிக்கு நான் பாடிக் காட்டுகிறேன், அவர் எனக்குப் பாடிக் காட்டுகிறார். இன்று விசுவாசம் தளர்ந்து வந்தவரை, தளராதவருடைய சத்தம் தாங்குகிறது. என் ஊழியம் நிற்கிற இடம் இந்த வசனம்தான். மேடையிலிருந்து ஒரே குரல் மட்டும் கேட்கிற இடத்தில் இந்தப் போதனை நடப்பதில்லை.

தமிழ்ச் சபைக்கு இது பழைய வழக்கு. 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்து இறங்கிய பிறகு, ஜெர்மன் ஞானப்பாட்டுகள் அவற்றின் மெட்டோடேயே தமிழுக்கு வந்தன. பெப்ரீசியஸ் போன்ற மிஷனெரிகள் அரும்பாடுபட்டு மொழிபெயர்த்தார்கள். இன்றும் பாமாலை என்கிற ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அவற்றைப் பாடுகிறோம்; எனக்கு அவை உயிர். ஆனாலும் தமிழ்ச் சொல் அந்நிய மெட்டுக்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருப்பது சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது.

பின்பு தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) எழுத வந்தார். ஜனங்கள் எதைப் பாடிக்கொண்டிருந்தார்களோ அதையே எடுத்துக்கொண்டார். குறவஞ்சி ஆடிய ஊருக்குப் பெத்லகேம் குறவஞ்சி. ஏற்றம் இறைத்தவர்களின் பாட்டு வடிவில் ஞான ஏற்றப்பாட்டு. பல்லவியைச் சபை முழுவதும் திருப்பிப் பாடும். சரணத்தை ஒருவர் எடுத்துக்கொடுத்தால் போதும். எழுத்து தெரியாதவரும் அரை மணி நேரத்தில் பாட்டுக்குள் வந்துவிடுவார். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறார்களே, அது சபையார் அனைவரையும் பாடுகிறவர்களாகவே எண்ணியதற்கு அடையாளம். சாஸ்திரியாரைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: சபைக்குள் சாதி வேற்றுமையை அவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். அதை நான் ஏற்கவில்லை. அவருடைய பாட்டுகளோ, அந்த வேலியைத் தாண்டி எல்லார் வாயிலும் போய்ச் சேர்ந்துவிட்டன.

எளிய சொற்களில் எழுதினால் சபை பாடிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியின் சொற்களுக்குப் பொருள் கேட்டால் தமிழாசிரியரும் சற்று யோசிப்பார். ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் கிராமக் கோவில்களில் அதைக் கண் மூடிப் பாடுகிறார்கள். ஏனென்றால் ஒவ்வொரு சரணமும் வந்து முடிகிற இடம், உன்னையல்லால் எனக்கு யார் துணை என்கிற கேள்வி. அந்தக் கேள்வி எவருக்கும் சொந்தம். கடினமான சொல்லைச் சபை சுமக்கும். தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாத உணர்ச்சியை அதனால் சுமக்க முடியாது.

பாட்டு எழுதுகிற தம்பி தங்கைகளுக்குச் சில காரியங்களைத் தொழில் முறையில் சொல்கிறேன். ஸ்டுடியோவில் பாடுகிறவரின் உச்சக் குரலை வைத்துப் பல்லவியைத் தொடங்காதீர்கள். ஆண்களின் சுருதியில் பதிவான பாட்டை அப்படியே ஞாயிற்றுக்கிழமை எடுத்தால், பெண்கள் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் முதல் சரணத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் சபைகளில் பெரும்பாதி பெண்கள்.

அடுத்தது குறில், நெடில். மெட்டு முதலில் வந்து, அதற்குச் சொல்லைப் பிறகு நிரப்புகிறவர்கள் இதில் தவறிவிடுகிறார்கள். 'என் மனம் உமக்கே' என்று எழுதி, 'ம' விழுகிற இடத்தில் மெட்டை இரண்டு அட்சரம் இழுத்தால் சபை பாடுவது 'என் மானம் உமக்கே'. 'வரும்' என்பதை இழுத்தால் 'வாரும்'. 'வரும்' என்பது நம்பிக்கை, 'வாரும்' என்பது வேண்டுதல். நீட்ட வேண்டிய இடத்தில் நெடிலைக் கொண்டுவந்து வையுங்கள். சொல் தானாக நிமிர்ந்து நிற்கும்.

புதிய பாட்டு எதுவானாலும், நான் முதலில் அதை வீட்டு ஜெபக் கூட்டத்துக்குத்தான் கொண்டுபோகிறேன். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, மின்விசிறிச் சத்தம் மட்டும் உண்டு. நான் இரண்டு முறை பாடிக் காட்டுவேன். மூன்றாவது முறை வாயை மூடிக்கொள்வேன். அங்கே பாட்டு தானாக நடந்தால் அது சபைக்குரியது. எந்த வரியில் எல்லாரும் தடுமாறுகிறார்களோ, குறை அந்த வரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றிவிடுவேன்.

1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரில் ஒரு சபையில், போதகர் சிறிது காலத்துக்கு இசைக்குழுவையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திவைத்தார். ஆராதனைக்கு நீங்கள் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று சபையைக் கேட்டார். தொடக்கத்தில் சங்கடமான மௌனம். பிறகு ஜனங்கள் தங்கள் சொந்தக் குரலில் பாடவும் ஜெபிக்கவும் தொடங்கினார்கள். அங்கே பாட்டு நடத்திக்கொண்டிருந்த இளைஞர் மேட் ரெட்மன். நம் ஊரில் எந்தச் சபையாவது ஒரு மாதம் இப்படிச் செய்துபார்க்குமானால் நான் மிகவும் மகிழ்வேன்.

இனி, என் நெஞ்சில் நெடுநாளாக இருக்கிற பாரம்.

எங்கள் சபையில் ஓர் அக்காவின் மகன் ஓர் அக்டோபரில் விபத்தில் இறந்துபோனான். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அந்த டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு அவரும் வந்திருந்தார். புதிய பாட்டின் பல்லவி, இழப்பு இனி உன் வாசலை மிதிக்காது என்ற பொருளில் இருந்தது. எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, திரையில் ஓடிய எழுத்துகளைப் பார்த்தபடி வாய் திறவாமல் நின்றார். அதன் பிறகு சங்கீதம் 23இன் அடிப்படையில் அமைந்த ஒரு பழைய பாட்டை எடுத்தோம். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த அக்காவுக்கு விசுவாசம் குறைவா? கிறிஸ்துவை நம்பாமலா அந்த இரவில் அவர் கோவிலுக்கு வந்தார்?

வாக்குத்தத்தப் பாடல்களுக்கு அதிகம் எடுக்கப்படுகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்கிறார். அதற்கு முந்தின வசனத்தைப் பாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அங்கே இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் எருசலேமைத் திரும்பக் கண்டிருக்கவே முடியாது. அவர்களுக்கும் அது வாக்குத்தத்தம்தான். அந்த எழுபது வருஷத்தையும் சேர்த்துப் பாடினால் வசனம் ஆழமாகும். ஜனவரிக்குள் கைக்கு வராததை எல்லாம் விசுவாசக் குறைவாக எண்ணிக் கலங்குகிறவர்கள், அந்தப் பாட்டில் தங்களையும் காண்பார்கள்.

நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடும் புலம்பலும்தான். பதின்மூன்றாம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. அதன் தலைப்பைப் பாருங்கள்: இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. தாவீது இதை அறைக்குள் அழுதுவிட்டு மடித்து வைக்கவில்லை. சபை பாடட்டும் என்று பாட்டு நடத்துகிறவரிடம் கொடுத்தார். எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் கடினமானது. கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் வருவதில்லை. அதுவும் இராகத்தலைவனிடம்தான் ஒப்புவிக்கப்பட்டது. அப்படியானால் இன்றைய இராகத்தலைவர்களாகிய நாம் அதை எங்கே வைத்திருக்கிறோம்?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களில் அமெரிக்காவில் இருந்த அதே மேட் ரெட்மனும் அவர் மனைவியும், துக்கத்தில் இருக்கிற சபைகள் பாடுவதற்குப் பாட்டு மிகக் குறைவு என்பதை உணர்ந்தார்கள். கொடுப்பவரும் எடுப்பவரும் கர்த்தரே என்று யோபு சொன்னதை வைத்து ஒரு பாட்டு எழுதினார்கள். பல நாடுகளில் இன்றும் அதைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் வனாந்தரமும் இருக்கிறது, துதியும் இருக்கிறது.

துக்கத்தைப் பாடுவது அவிசுவாசத்தை அறிக்கை செய்வதாகும், வாயினால் நன்மையை மட்டுமே பேச வேண்டும் என்று போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் நம் ஆண்டவரைப் பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்து, ஸ்தோத்திரப்பாட்டைப் பாடின பின்பு ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார் என்று மத்தேயு எழுதுகிறார். மரணம் முன்னே நிற்கிறது என்று அறிந்தே பாடினார். மறுநாள் சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரியை உரக்கச் சொன்னார். பாவமறியாதவர் தம் வாயில் எடுத்த வார்த்தையை நாம் அவிசுவாசம் என்று தள்ளலாமா? பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் அந்த வார்த்தைகளைத் தியானித்துக் கண்ணீரோடு பாடுகிறோம். ஈஸ்டர் ஆனதும் அந்தக் குரலைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். உயிர்த்தெழுந்தவரின் கையில் ஆணிகளின் காயம் மறையவில்லை என்பதைத் தோமா பார்த்திருக்கிறாரே.

வெற்றிப் பாடல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கல்லறை திறந்திருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்? கைதட்டிப் பாடுவதில் நான் யாருக்கும் பின்வாங்குகிறவள் அல்ல. ஒரு ஆராதனையில் ஐந்து பாட்டு என்றால் அதில் ஒன்றாவது, ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னபடி அத்திமரம் துளிர்விடாமற்போனவரும் பாடக்கூடியதாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து காலம் வருகிறது, அதற்காகப் பதின்மூன்றாம் சங்கீதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்லவி 'எதுவரைக்கும்' என்று நெடிலில் தொடங்கும்படி ஏகாரத்தில் இழுத்துப் பார்த்தேன், மனதுக்கு ஒட்டவில்லை. இப்போது தாழ்ந்த சுருதியில், தாலாட்டு நடையில் குறுகிய அடிகளாக வைத்திருக்கிறேன். மூன்றாவது சரணம் இன்னும் அமையவில்லை. நீங்களும் இதே சங்கீதத்தையோ எண்பத்தெட்டையோ எழுதியிருந்தால் ராகம், தாளம் குறித்து எனக்கு அனுப்புங்கள். பின்னணி இசை தேவையில்லை. போனில் பாடிப் பதிந்த குரல் போதும். வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் பாடிப் பார்த்து, எங்கே தடுக்கிறது, எங்கே நடக்கிறது என்று அந்த அம்மாமார்கள் சொல்வதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.