முதல் நாளே வாங்கலாமா? யார் செய்த கருவி என்று பாருங்கள்

கையில் வைத்து ஆடும் கேம் கருவி ஒன்று புதிதாக வருகிறது என்றால், "பொறுங்க, ஆறு மாசத்துல விலை இறங்கும்" என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அது நல்ல யோசனை. கேம் கருவிக்குப் பாதிதான் பொருந்தும். நிண்டெண்டோ கருவி என்றால், உடனே ஆட ஒரு கேம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முதல் மாதமே வாங்கலாம். விண்டோஸில் ஓடும் ஏசஸ், லெனோவோ வகை என்றால் ஓராண்டாவது பொறுங்கள். இதுதான் என் கட்சி.

முதலில் விலை. நிண்டெண்டோ ஒரே ஒருமுறை அவசரப்பட்டவர்களை நன்றாகக் கடித்தது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்த 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி, ஆகஸ்ட்டிலேயே 169.99 டாலர் ஆனது. முன்பே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த ஒரு சம்பவத்தை வைத்துத்தான் இன்றும் பலர் "பொறு" என்கிறார்கள். ஆனால் 2017 மார்ச்சில் 299.99 டாலருக்கு வந்த அவர்களுடைய முதல் ஸ்விட்ச் கருவி எட்டு ஆண்டுகள் அங்கே அதே விலையில்தான் நின்றது. 2025 ஆகஸ்ட்டில் அதன் விலை மாறியபோதும் மேலேதான் போனது. எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷன் 5ம் அதே ஆண்டில் அமெரிக்காவில் விலை ஏறின. வருடம் ஏற ஏற மெஷின் மலிவாகும் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

நிண்டெண்டோவுக்காகக் காத்திருந்தால் கிடைப்பது தள்ளுபடி இல்லை, திருத்திய மாடல். 2019 ஆகஸ்ட்டில் ஸ்விட்ச்சின் உள்ளே இருந்த சிப்பை மாற்றினார்கள். அதே உருவம், அதே விலை. பேட்டரி மட்டும் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் என்றிருந்தது நாலரை முதல் ஒன்பது மணி நேரமானது. ஓஎல்இடி திரை 2021 அக்டோபரில்தான் வந்தது. அதாவது நல்ல பேட்டரிக்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதம், நல்ல திரைக்கு நாலரை ஆண்டு. அடுத்த கருவியான ஸ்விட்ச் 2இன் 7.9 அங்குல எல்சிடி திரையில் வேகமாக நகரும் காட்சிகள் மங்கலாகத் தெரிகின்றன என்ற குறை உண்மைதான். பின்னால் ஓஎல்இடி வரக்கூடும். அதற்காக அவ்வளவு காலம் மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற பந்தய கேமை ஆடாமல் இருப்பீர்களா என்பதே கேள்வி. இருப்பேன் என்றால் தாராளமாகப் பொறுங்கள். அந்த கேம் வேறெங்கும் ஓடாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அங்கேதான் விண்டோஸ் கருவிகள் வேறுபடுகின்றன. அவற்றில் ஆடுவதற்கு என்று தனியாக எதுவும் இல்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் உங்கள் கணக்கில் இருப்பதுதான் அதிலும் இருக்கும். வீட்டுக் கணினியில் இன்றிரவே ஆடலாம். ஆகவே காத்திருந்தால் எந்த கேமும் கைநழுவாது. வாங்கினால் இழப்பு அதிகம். ஏசஸின் ரோக் ஆலை (ROG Ally) என்ற கருவி 2023 ஜூனில் வந்தது. 40 வாட் ஹவர் பேட்டரி, 16 ஜிபி ரேம். சூடான காற்று வெளியேறும் இடத்தின் பக்கத்திலேயே மெமரி கார்டு துளை. வெப்பம் ஏறினால் கார்டு படிக்காமல் போகலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஜூலையிலேயே அடுத்த மாடலான ஆலை எக்ஸ்: 80 வாட் ஹவர், 24 ஜிபி, கார்டு துளை இடம் மாறியது, இரண்டாவது யுஎஸ்பி-சி துளையும் வந்தது. பதின்மூன்று மாதம் பொறுத்தவருக்கு இரண்டு மடங்கு பேட்டரி! விண்டோஸ் இல்லாவிட்டாலும் அதே ஸ்டீம் கேம்களை ஓட்டும், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்தது; அதற்கும் 2023 நவம்பரில் ஓஎல்இடி மாடல் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 16இல் வந்த ரோக் எக்ஸ்பாக்ஸ் ஆலையின் பெரிய கவர்ச்சி, விண்டோஸை ஒளித்துவைத்து முழுத்திரையில் எக்ஸ்பாக்ஸ் முகப்பு தெரிவது. அடுத்த மாதமே அது மற்ற விண்டோஸ் கருவிகளுக்கும் வந்துவிட்டது.

ஒரு விதிவிலக்கு. வீட்டில் கணினியே இல்லை, பழைய மடிக்கணினியும் செத்துவிட்டது, இதுதான் ஒரே கேம் மெஷின் என்றால் மேலே சொன்னது உங்களுக்கு இல்லை. அப்போதும் போன ஆண்டு மாடலை வாங்குவதே என் கட்சி.

இனி நம் ஊரான சிங்கப்பூர் விஷயம். ஸ்விட்ச் 2 ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2025 ஜூன் 5இல் வந்தது. சிங்கப்பூரில் அதிகாரப்பூர்வமாக வர ஜூன் கடைசி ஆகிவிட்டது, பள்ளி விடுமுறையே முடியப்போகும் நேரம். அந்த இடைவெளிதான், உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தாங்களே இறக்கி விற்கும் பேரலல் இம்போர்ட் கடைகளுக்கு அறுவடைக் காலம். அவர்கள் விற்பது போலி இல்லை, அசல்தான். ஆனால் கெட்டுப்போனால் உள்ளூர் விநியோகஸ்தர் தொடமாட்டார். கடை கொடுக்கிற உத்தரவாதம்தான் உங்கள் உத்தரவாதம், அது எத்தனை மாதம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முதல் லாட் சாமானில்தான் குறை அதிகம் வெளிப்படும். 2017இல் ஸ்விட்ச்சின் இடது ஜாய்-கான் (பக்கத்தில் மாட்டும் கன்ட்ரோலர்) சிக்னல் அறுந்து அறுந்து போனது. தயாரிப்பில் நேர்ந்த மாறுபாடு என்றார்கள், உள்ளே ஒரு சிறு கடத்துப் பஞ்சை வைத்துச் சரிசெய்து கொடுத்தார்கள். உத்தரவாதம் உள்ள ஊரில் இருந்தவர்களுக்கு அது செலவில்லாத வேலை. எனவே மூன்று வாரம் பொறுத்து லோக்கல் செட் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். முதல் நாள் என்று நான் சொல்வது சிங்கப்பூரின் முதல் நாளை.

ஸ்டீம் டெக் கதை இன்னும் மோசம். வால்வ் இங்கே நேரடியாக விற்பதில்லை. எங்கே வாங்கினாலும் இறக்குமதிதான், பழுது என்றால் கடைக்காரரையே நம்ப வேண்டும்.

பேரலல் செட் வாங்கியவர் கைவிடப்பட்டவர் என்றும் நினைக்க வேண்டாம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் சிங்கப்பூர்க் கடை எதற்கும் பொருந்தும். வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைக்கும்போதே அது இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மசியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். மனம் மாறியதற்கும் நீங்களே கீழே போட்டதற்கும் இது உதவாது. முக்கியமாக, கைமாறிய சாமான் விற்கும் இணையச் சந்தையான கரோசலில் ஒரு தனிமனிதரிடம் வாங்கினால் லெமன் சட்டமே கிடையாது.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்விட்ச் 2 இரண்டு வகை. 2025இல் வந்தபோது 49,980 யென்னுக்குக் கிடைத்தது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது. மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாது, ஜப்பான் என்று நாடு போட்ட கணக்கை மட்டுமே சேர்க்க முடியும். பல மொழி உள்ளது அப்போது 69,980 யென், அது நிண்டெண்டோவின் சொந்த இணையக் கடையில் மட்டும். டோக்கியோ கடைகளில் கண்ணில் படுவது முதல் வகை. மலிவாக இருக்கிறதே என்று தூக்கிவந்தால் பிள்ளைகள் கணக்கைக்கூடச் சேர்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். போதாக்குறைக்கு ஜப்பானிய இணையக் கடை 2025 மார்ச் முதல் வெளிநாட்டு கிரெடிட் கார்டை ஏற்பதில்லை.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் வாங்கலாம் என்பவர்கள் வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஜிஎஸ்டி சலுகை 100 வெள்ளிதான். 700 வெள்ளி சாமான் என்றால் மீதி 600க்கு 9 விழுக்காடு, 54 வெள்ளி. இரண்டு நாளுக்கு மேல் வெளியே இருந்தால் சலுகை 500, வரி 18 வெள்ளி. வேலை அனுமதி, எம்ப்ளாய்மெண்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபெண்டண்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை, முழு 63 வெள்ளியும் கட்ட வேண்டும். ஊர் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்ட பிறகு விளக்கம் சொல்வதைவிட, சுங்கத்துறையின் இணையச் சேவையில் முன்பே கட்டிவிட்டு வருவது நிம்மதி.

பெட்டி விலை மட்டும் விலை அல்ல. ஸ்விட்ச் 2இல் 256 ஜிபி இருக்கிறது. கூடுதல் இடத்துக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே ஏற்கும். வீட்டில் இருக்கும் சாதாரண கார்டில் பழைய ஸ்விட்ச்சின் படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், கேம் வைக்க முடியாது. கடைக்காரர் "மைக்ரோஎஸ்டிதானே" என்று மலிவானதை நீட்டினால் அட்டையில் எக்ஸ்பிரஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேம்-கீ கார்டு என்று ஒரு வகையும் வந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. இணையத்திலிருந்து முழுவதும் இறக்க வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். இடத்தையும் தின்னும். ஒரே நல்லது, மறுபடி விற்கலாம். கேம் பெட்டியின் முன்பக்க அடியில் குறி இருக்கும். பழைய ஸ்விட்ச்சின் டாக் (கருவியை டிவியோடு இணைக்கும் தாங்கி) ஸ்விட்ச் 2க்குப் பொருந்தாது. பழைய சார்ஜர் கருவிக்குச் சார்ஜ் ஏற்றும், டிவியில் ஆட உதவாது. கார்டு, உறை, இரண்டாவது கன்ட்ரோலர், ஒரு கேம், இணையச் சந்தா எல்லாம் சேர்த்த தொகை கையில் இருந்தால்தான் கருவிக்கு முன்பதிவு செய்யுங்கள். வெறும் கருவியை வாங்கி அலமாரியில் வைப்பதற்கு முதல் நாள் எதற்கு?

நம் வெயிலையும் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் 2 இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை என்று நிண்டெண்டோ குறிப்பிட்டிருக்கிறது. பிற்பகல் புளோக் கீழ்த்தளத்தில் 33 டிகிரி என்றால் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். ஆடி முடித்த சூட்டோடு உறைக்குள் திணிக்காதீர்கள். செட்டிங்ஸில் 90 விழுக்காட்டோடு சார்ஜ் நிற்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. எப்போதும் டாக்கிலேயே வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுவைத்தால் பேட்டரி நாள்படத் தாங்கும். திரையில் ஒட்டிவரும் மெல்லிய படலம் கண்ணாடி சிதறாமல் இருக்க வைத்தது, பொதி பிளாஸ்டிக் என்று உரித்துவிடாதீர்கள். சென்னை விமானத்தில் நாலு மணி நேரம் ஆடலாம் என்று நினைத்தால், பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம்தான், கனமான கேம் கீழ்முனையில் நிற்கும். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது.

வாங்கிய முதல் வாரம் கருவியைச் சீராட்டும் நேரம் கிடையாது, சோதிக்கும் நேரம். கடைகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தரும் காலம் சில நாள்தான். அப்டேட் போடுங்கள், அது இல்லாமல் பழைய ஸ்விட்ச் கேம்கள் சரியாக ஓடாது. வெள்ளை, கறுப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் வைத்து எரியாத புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலர் செட்டிங்ஸில் ஸ்டிக் அளவீட்டுத் திரையைத் திறந்து, விரலை எடுத்ததும் புள்ளி நடுவுக்கு வருகிறதா என்று இரண்டு பக்கமும் நாலைந்து முறை பாருங்கள். ஸ்விட்ச் 2இன் ஸ்டிக்கிலும் காந்த சென்சார் இல்லை, தேயக்கூடிய பழைய வகைதான். பழைய ஜாய்-கானில் விரல் வைக்காமலே கதாபாத்திரம் தானாக நடந்ததற்குத் தேய்மானம்தான் முக்கியக் காரணம். டிவியில் ஒரு மணி நேரம் ஆடுங்கள், மெமரி கார்டிலிருந்து ஒரு கேமை ஓட்டுங்கள், வைஃபையில் பெரிதாக ஒன்றை இறக்குங்கள். பெட்டியையும் ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள்.

கரோசலில் வாங்குகிறவர்கள் எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, பெட்டியைப் பார்த்து, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் 2இல் அது ஆபத்து. கள்ள கேம்களை ஓட்டும் கார்டைச் செருகிய கருவிகளை நிண்டெண்டோ இணையச் சேவையிலிருந்து தடைசெய்கிறது. தடை கருவிக்கு, ஆளுக்கு இல்லை. யார் வாங்கினாலும் தொடரும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இணையக் கடையைத் திறக்கச் சொல்லுங்கள். 2124-4508 என்ற பிழை எண் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு ரயில் ஏறுங்கள்.

புதியதை வாங்கப் பணம் திரட்டப் பழைய ஸ்விட்ச்சை முன்கூட்டியே விற்க வேண்டாம். போக்கிமான் ஸ்கார்லெட், ஸ்ப்ளட்டூன் 2, அனிமல் கிராஸிங் போன்ற கேம்களின் சேமிப்பு (இதுவரை ஆடியதன் பதிவு) இணையக் காப்பிடமான கிளவுடுக்கு வழக்கமான முறையில் போகாது. இரண்டு கருவியும் அருகருகே இருக்கும்போது மாற்றுவதே பாதுகாப்பு. நிண்டெண்டோவின் சர்வர் வழியாகவும் செய்யலாம், ஆனால் தரவை ஏற்றி முடித்ததும் பழைய கருவி முற்றிலும் அழிக்கப்பட்டுவிடும். புதியதில் எல்லா கேமையும் ஒருமுறை திறந்து சேமிப்பு வந்ததா என்று பார்த்த பிறகு விளம்பரம் போடுங்கள்.